பூஜ்யம் சோதனை, முழுத் தேர்ச்சி

சிவப்பக்கா என்ற பெயர் நிறத்தைப் பார்த்து வந்ததல்ல. அவள் மாநிறம். அந்த மென்பொருள் கம்பெனியில் யார் எழுதிய கணினி நிரலாக இருந்தாலும் அவள் கை பட்டால் திரையில் எங்காவது ஒரு கட்டம் தப்பைக் காட்டிச் சிவப்பாகிவிடும், அதுதான் காரணம். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதைக் கௌரவமாக எடுத்துக்கொண்டாள். "என்னக்கா, இன்னிக்கு யார் பொழப்புல மண்ணு?" என்று காலையில் யாராவது கேட்டால், "நீ எழுதினத அனுப்பு, பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். கேட்டவர் அதோடு இடத்தைக் காலி செய்வார்.

நாற்பத்தெட்டு வயது. கோபம் மூக்கு நுனியில் குடியிருந்தது. ஆபீசில் எல்லோரும் அவளைக் கோபக்காரி என்றார்களே தவிர, எதற்குக் கோபப்படுகிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் நின்றவள் அவள். கண்ணாடியில் அரைவட்டமாக வெட்டிய ஓட்டை, அந்தப் பக்கம் சீட்டை நீட்டும் கைகள், இந்தப் பக்கம் இவள். மாத்திரை உறையின் மேல் பேனாவால் எழுத வேண்டும்: காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். ஒரு நாளைக்கு முந்நூறு உறை எழுதிக் கட்டைவிரல் காய்த்துப்போனது. அந்த ஆஸ்பத்திரிக்கு லேபிள் அச்சடிக்கும் மென்பொருளை விற்க இந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தபோது, "நீங்களும் கொஞ்சம் ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்கள். அவளுக்கு மரியாதைக்குச் சொல்வது, மனதாரச் சொல்வது என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது. இரண்டே வாரத்தில் அறுபத்திரண்டு தவறுகளைத் தாளின் இரண்டு பக்கமும் எழுதிக் கொண்டுவந்து படித்தாள். பத்தாவது தவறு வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த முதலாளி, முப்பதாவதில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அறுபத்திரண்டும் முடிந்ததும், "நீங்க எங்ககிட்டயே வந்துடுங்களேன்" என்றார்.

வந்தாள். பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. முதலில் எல்லாவற்றையும் கையால் தட்டித் தட்டிச் சோதித்தாள். பிறகு, சோதிப்பதையே நிரலாக எழுதிவைத்தால் கணினி தானாக ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் அதையும் கற்றுக்கொண்டாள். மகளுக்குத் தலை வாரிக்கொண்டே பாடப் புத்தகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துப் படித்தவள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். "நான் இரும்புப் பெட்டிய மேலயும் கீழயும் அனுப்பிப் பாக்கறேன், நீ எழுத்த அனுப்பிப் பாக்கற, ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புதான்" என்பார். அவருக்கு அவள் வேலை அவ்வளவுதான் புரிந்தது. அதுவே ஆபீசில் பாதிப் பேருக்குப் புரிந்ததைவிட அதிகம்.

லேபிள் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் அவள் எழுதிய சோதனைகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் கவுண்டரில் பார்த்த ஒரு முகம் உண்டு. கண்ணில் விட வேண்டிய சொட்டு மருந்தைக் குடித்துவிட்டு வந்து நின்றவர், ஒரு கரண்டி என்று படித்ததும் சமையல் கரண்டியை எடுத்த அம்மா, இடது காதுக்கு வாங்கிப் போனதை வலது காதில் ஊற்றிக்கொண்ட வாத்தியார். புதிதாகச் சேருபவர்கள் "இப்படியெல்லாம் யாரு பண்ணுவாங்கக்கா?" என்று சிரித்தால், அவள் சிரிக்காமல், "பண்ணாங்க" என்பாள்.

கம்பெனி வளர்ந்து லேபிளோடு இன்னும் எட்டு ப்ராஜெக்ட்டுகள் சேர்ந்தன. டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தருவது, படுக்கை எது காலி என்று காட்டுவது, ரத்தப் பரிசோதனை முடிவை அனுப்புவது என்று ஆளுக்கொரு குழு. ஆனால் ஒன்பதின் நிரலும் ஒரே இடத்தில் இருந்தது. ஆபீசில் அதைப் பொது ரெப்போ என்பார்கள். ஒரே சமையலறையில் ஒன்பது பேர் சமைப்பது போலத்தான். ஒருவர் உப்பு டப்பாவில் சர்க்கரையைக் கொட்டிவைத்தால் மற்ற எட்டுப் பேரின் சமையலும் போச்சு. அதனால்தான் யார் எதைத் தொட்டாலும், ஒரே கமாண்டில் ஒன்பது ப்ராஜெக்ட்டுகளின் சோதனைகளும் ஓட வேண்டும் என்று அவள் மேசையைத் தட்டிச் சண்டை போட்டு ஒரு விதியைக் கொண்டுவந்திருந்தாள். முழுதும் ஓடி முடிக்க நாற்பத்தேழு நிமிஷம். அந்த நாற்பத்தேழு நிமிஷத்துக்கு அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புது மேலாளர் வந்தார். வந்த முதல் வாரமே சுவரில் ஒரு பெரிய டிவியை மாட்டச் சொல்லி, அதில் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கட்டமாக வரவைத்தார். தேர்ச்சி என்றால் பச்சை, தோல்வி என்றால் சிவப்பு. அதற்கு முன் ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் எத்தனை சோதனை ஓடியது, எத்தனை தேறியது என்ற எண்ணிக்கையும் தெரியும். "நம்பரெல்லாம் எதுக்கு, கண்ணை உறுத்துது. பச்சையா இருக்கா, முடிஞ்சுது" என்று அதை எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்குப் பச்சை சார் என்று பெயர். விருந்தாளி யார் வந்தாலும் அந்த டிவி முன்னால் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு, தானே விதைத்து முளைத்த வயல் மாதிரி பெருமையாகப் பார்ப்பார்.

ஏழு மாதத்துக்கு முன்னால் ரெப்போவை ஒழுங்குபடுத்துகிறோம் என்று ஃபோல்டர்களையெல்லாம் இடம் மாற்றினார்கள். அதற்கப்புறம் முழு ஓட்டம் முப்பத்தொன்பது நிமிஷத்தில் முடிந்தது. எட்டு நிமிஷம் மிச்சம்! பச்சை சார் அதை ஒரு கூட்டத்தில் வரைபடம் போட்டுக் காட்டினார். கைதட்டினார்கள், கேடயம் ஒன்று கொடுத்தார்கள். சிவப்பக்காவும் கைதட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு அந்தக் கைகளைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஒவ்வொரு மாதமும் ஆஸ்பத்திரிகளுக்குப் புதிய பதிப்பு போகும். அதற்கு முந்தைய நாள் அவள் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். 'ஒன்பது ப்ராஜெக்ட்டுகளிலும் தானியங்கிச் சோதனைகள் ஓட்டப்பட்டன, அனைத்தும் தேர்ச்சி.' கீழே அவள் பெயர்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் மத்தியானம் தாள் வந்து மேசையில் கிடந்தது. டிவியில் ஒன்பதும் பச்சை. பேனாவை எடுத்தவளுக்குச் சும்மா ஒரு யோசனை. முன்பெல்லாம் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எல்லாம் பச்சையாக இருக்கிற நாளில், தன் கணினியில் இருக்கும் பிரதியில் வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்துவிட்டு ஓட்டிப் பார்ப்பாள். மணி அடிக்கிறதா என்று பார்க்கத்தான். வேலை நெருக்கடியில் அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு லேபிள் நிரலைத் திறந்து, 'காலை' என்று அச்சாக வேண்டிய இடத்தில் 'இரவு' என்று மாற்றினாள். இதைப் பிடிக்க மட்டும் முப்பது நாற்பது சோதனைகள் இருந்தன. கமாண்டைத் தட்டிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போனாள்.

திரும்பி வந்து, முப்பத்தொன்பது நிமிஷமும் ஓடி முடிந்தபின் பார்த்தால் பச்சை.

தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். மாற்றியதைச் சேமித்தோமா என்று பார்த்தாள். சேமித்திருந்தது. இந்தத் தடவை லேபிள் ப்ராஜெக்ட்டை மட்டும் தனியாக ஓட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. திரையில் இரண்டே வரி.

கண்டெடுத்த சோதனைகள்: 0.
முடிவு: தேர்ச்சி.

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பரீட்சைக்கே வராத பிள்ளைக்கு நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு, ஃபோல்டர்களை இடம் மாற்றிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்தாள். ஏழு மாதம். அவள் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட ஏழு மாதமாக ஓடவில்லை. அந்த எட்டு நிமிஷம் எங்கே மிச்சமானது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

ரெப்போவைப் பராமரிக்கும் பொறியாளரைச் சாவிக்காரர் என்பார்கள். யார் எதை மாற்றலாம் என்ற அனுமதியெல்லாம் அவர் கையில். அவளைவிடப் பத்து வயது இளையவர். அவரைக் கையோடு இழுத்துவந்து திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள்.

"இது என்ன தம்பி?"

அவர் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், ரெப்போவின் அமைப்புக் கோப்பைத் திறந்தார். ஃபோல்டர்களை இடம் மாற்றியபோது மற்ற எட்டும் தங்கள் சோதனைகளைக் கண்டுபிடித்துக்கொண்டன. லேபிள் ப்ராஜெக்ட்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. அதில் சோதனைகள் இருக்கும் இடம் பழைய விலாசமாகவே எழுதிக் கிடந்தது. ஓட்டும் கருவி அந்தப் பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டியது, ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

"ஆள் இல்லன்னா கத்தணுமே! சோதனையே கிடைக்கலன்னா தோல்வின்னுதான சொல்லும் அது?"

"சொல்லும்க்கா. ஆனா…" சாவிக்காரர் தலையைச் சொறிந்தார். "பார்வையாளர் பாஸ் ப்ராஜெக்ட் புதுசா ஆரம்பிச்சப்ப அதுல டெஸ்ட் ஒண்ணும் இல்ல. அதனால மொத்த ஓட்டமும் சிவப்பாச்சு. டிவியில சிவப்பு இருக்கக்கூடாதுன்னு சார் குதிச்சாரு. அதான் ஒரு வரி போட்டேன். டெஸ்ட் எதுவும் இல்லன்னா பாஸுன்னு வெச்சுக்கோன்னு."

"அந்த ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் போட்டிருக்கலாம்ல?"

"மேல போட்டுட்டேன்க்கா. எல்லாத்துக்கும் சேத்து."

"எந்த மகராசன் இதைப் பாத்துட்டு ஓகே சொன்னது?"

சாவிக்காரர் விரலால் திரையில் தொட்டுக் காட்டினார். அந்த மாற்றத்தை அனுமதித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

அவளுக்கு நினைவு வந்தது. சாப்பாட்டு வேளை, கையில் டப்பா. "அக்கா, புது ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன வரி, பாத்து விடுங்க" என்று இவர் சொன்னார். "அதுக்கு மட்டும்தான?" என்று கேட்டாள். "ஆமாக்கா" என்றார். அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஒரு கையால் பொத்தானை அழுத்தினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரார் தப்பையெல்லாம் தேடினவள், அன்றைக்கு ஒரு வாய் சோற்றுக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்துக்கொண்டால் என்ன ஆகப்போகிறது?

"விலாசத்தை மாத்துங்க. அந்த வரிய எடுங்க. நான் போட்ட 'இரவு'ம் போகட்டும். இப்ப ஓட்டுங்க."

ஓடியது. நானூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு தேறின. பதினான்கு சிவப்பு. பதிமூன்றைப் பார்த்ததும் ஒதுக்கினாள். எழுத்தின் அளவு, ஓரத்தில் இடைவெளி, இப்படி அல்பமானவை. பதினான்காவதில் கை நின்றுவிட்டது.

'செவ்வாய்க்கிழமை மட்டும், காலை ஒரு மாத்திரை' என்று டாக்டர் எழுதினால், லேபிளில் 'காலை ஒரு மாத்திரை' என்று மட்டும் வந்தது. கிழமையைக் காணோம்.

மூன்று மாதத்துக்கு முன், டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தரும் ப்ராஜெக்ட்டின் குழுவினர், தங்கள் வசதிக்காக எல்லோருக்கும் பொதுவான தேதி நிரலில் கிழமையை எழுதும் முறையை மாற்றியிருந்தார்கள். அவர்களுடைய சோதனைகள் தேறின. அந்தப் புது முறை லேபிளுக்குப் புரியவில்லை, புரியாததை அது பேசாமல் விட்டுவிட்டது. இதைப் பிடிக்கத்தான் ஒன்பதையும் சேர்த்து ஓட்டுகிற விதியே இருந்தது. மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை உண்டு, வாரத்துக்கு ஒன்றுதான் போட வேண்டும். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் இறங்கும், ஆளையே சாய்த்துவிடும். கவுண்டரில் நின்ற எவளும் அதைத் தூக்கத்தில்கூட மறக்கமாட்டாள்.

மூன்று மாதமாக ஆறு ஆஸ்பத்திரிகளில் இந்த லேபிள் அச்சாகிக்கொண்டிருந்தது.

பச்சை சாரின் அறைக்குள் அவள் கதவைத் தட்டாமல் நுழைந்தது பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அவர் முழுவதையும் கேட்டார். முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

"நல்லா கண்டுபிடிச்சீங்க மேடம். அடுத்த மாச ரிலீஸ்ல சேத்துடலாம்."

"அடுத்த மாசமா? நாளைக்கே ஒண்ணு போகுதே சார்!"

"நாளைக்குப் போறதுல கடைசி நேரத்துல சேத்தா, ஏன் சேத்தோம்னு குறிப்பு எழுதணும். படிக்கறவங்க பதறுவாங்க. அடுத்த மாசம்னா பத்துச் சின்ன விஷயத்தோட பதினொண்ணா போயிடும்."

"ஒரு மாசம்னா முப்பது மாத்திரை சார். நாலு போட வேண்டிய எடத்துல."

"யாராவது புகார் சொன்னாங்களா? மூணு மாசமா ஒருத்தரும் வாயத் திறக்கல. நாமளா போய்ப் பீதியக் கிளப்பணுமா?"

"நான் இப்பவே ஆறு ஆஸ்பத்திரிக்கும் ஃபோன் பண்றேன்."

அவர் எழுந்து வந்து, குரலைத் தணித்து, ரொம்ப அக்கறையாக, மேசையிலிருந்த போன மாதத்துச் சான்றிதழை அவள் பக்கம் திருப்பிவைத்தார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதுல என் கையெழுத்து இல்ல மேடம். யார் கையெழுத்து இருக்குன்னு பாருங்க. ஏழு மாசமா ஏழு தாள். வெளிய தெரிஞ்சா முதல்ல யார் தலை உருளும்? இத்தனை வருஷம் பேரு எடுத்துட்டு, கடைசியில இப்படியா?"

அவளுக்குக் காது மடல் கொதித்தது. நம்பர் கண்ணை உறுத்துகிறது என்று எடுக்கச் சொன்னவர் இவர். சிவப்பைக் காட்டாதே என்று குதித்தவர் இவர். எட்டு நிமிஷத்துக்குக் கேடயம் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர் இவர். இப்போது சாவதானமாக அவள் கையெழுத்தை எடுத்து அவள் வாயையே அடைக்கப் பார்க்கிறார். இதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கையெழுத்து அவளுடையதுதான்.

"பாத்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கூட்ட அறை ஒன்று காலியாக இருந்தது. உள்ளே போய் முதலில் கணவருக்கு ஃபோன் போட்டாள். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் இருந்தார் போல, பின்னால் இரும்புச் சத்தம்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"வேலை போனாலும் போகும்ங்க." நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள். "ஃபோன் பண்ணட்டுமா வேணாமா?"

"நீ கேக்கறதுக்கா கூப்பிட்ட? முடிவு பண்ணிட்டுச் சொல்றதுக்குக் கூப்பிட்டிருக்க. கோபத்துல தண்ணி குடிக்காம இருக்காத. வெச்சிடவா, கயிறு தொங்குது." வைத்துவிட்டார்.

ஆறு ஆஸ்பத்திரிகளின் மருந்தகத்துக்கும் பயிற்சி கொடுக்கப் போனவள் என்பதால் எண்களெல்லாம் அவளிடமே இருந்தன. முதல் எண்ணில் எடுத்தவர் பழைய மருந்தாளுநர், அவளை நன்றாகத் தெரிந்தவர். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் குறுக்கே பேசினார்.

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கா உங்களுக்கு? நாங்க அந்த லேபிள நம்பறதே இல்ல. ரெண்டு மாசமா கிழமைய நாங்களே பேனாவால எழுதறோம்."

"அப்ப ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லலயா? மூணு தடவ புகார் போட்டோம்க்கா. மூணு தடவயும் ஒரே பதில். 'எங்கள் தரப்பில் அனைத்துச் சோதனைகளும் தேர்ச்சி. உங்கள் அச்சு இயந்திரத்தைச் சரிபார்க்கவும்'னு. கூடவே ஒரு சர்ட்டிபிகேட் அனுப்பினாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "கீழ உங்க பேரு இருந்துச்சு. அக்காவே பாத்துட்டாங்கன்னா தப்பு நம்ம மேலதான் போலன்னு ரெண்டாயிரம் லேபிள் சுருளத் தூக்கிப் போட்டுட்டு, மிஷின வேற மாத்தினோம்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையாம்! திறந்த வாயையெல்லாம் அவள் பெயரை வைத்தே அடைத்திருக்கிறார்கள். புகார்களுக்குப் பதில் அனுப்பும் உதவிக்குழு கீழ்த்தளத்தில் இருந்தது; அங்கே முடித்துவைத்த புகார் மேலே ஏறி வராது. யாரோ ஒருவர் டிவியின் பச்சையைப் பார்த்துவிட்டு, அவள் தாளை நகலெடுத்து ஒட்டி, அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் நிற்கிற ஒருவர் கண்ணால் கண்டதைச் சொல்கிறார், பூஜ்யம் சோதனையைக் காட்டி அவரிடம் உன் இயந்திரம் சரியில்லை என்கிறார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, அதுவும் கோபத்தால்தான்.

அடுத்த நாலு எண்களையும் வரிசையாகக் கூப்பிட்டாள். இரண்டு இடங்களில் அப்படிப்பட்ட சீட்டே வரவில்லை. ஒரு இடத்தில் டாக்டரே நோயாளியிடம் வாயால் சொல்லியனுப்பிவிடுகிறார். இன்னொரு இடத்தில் 'வாரத்தில் ஒரு நாள் மட்டும்' என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்துவைத்திருந்தார்கள். "உங்க மென்பொருள் பக்கத்துலயே அதையும் வெச்சிருக்கோம்" என்றார் அந்த மருந்தாளுநர். குத்தல்தான். வாங்கிக்கொண்டாள்.

ஆறாவது ஆஸ்பத்திரியில் எடுத்த பெண்ணின் குரல் புதிது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமாம்.

"லேபிள்ல என்ன வருதோ அதப் படிச்சுக் காட்டித்தான் மேடம் கொடுக்கறேன். அப்படித்தான சொல்லிக்கொடுத்தாங்க?"

"ஆமாம்மா. அப்படித்தான் சொல்லிக்கொடுத்தோம். ஃபோன வைக்காத. அந்த மாத்திரை யார் யாருக்குப் போயிருக்குன்னு பட்டியல் எடு."

நாலு பேர். அவள் இந்தப் பக்கம் காத்திருக்க, அந்தப் பெண் அங்கே இன்னொரு ஃபோனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலாமவருக்கு முன்பே பழக்கமான மாத்திரை, சரியாகத்தான் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாமவர் உறையையே இன்னும் பிரிக்கவில்லை. மூன்றாமவர் நாலு நாளாகத் தினமும் போட்டிருக்கிறார். உடனே நிறுத்திவிட்டுக் கிளம்பி வரச் சொன்னாள். நாலாமவர் வீட்டில் மருமகள் எடுத்தாள். அவள் சொன்னதை மருந்தகத்துப் பெண் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"மேடம், அவங்க மாமியார இங்கதான் சேத்திருக்காங்களாம். எங்க ஆஸ்பத்திரியில, ரெண்டாவது மாடி. ஆறு நாளாச்சாம். வாய் முழுக்கப் புண்ணாம், தண்ணிகூட இறங்கலயாம். என்னன்னே தெரியலன்னு டாக்டருங்க சொல்றாங்களாம்."

"ஓடு" என்றாள் சிவப்பக்கா. "அந்த லேபிள இன்னொண்ணு அடிச்சு எடுத்துட்டு ஓடு. டாக்டர்கிட்ட காட்டு. ஃபோன் இப்படியே இருக்கட்டும்."

ஃபோனில் காலடிச் சத்தம், கதவு, யாரோ கூப்பிடும் குரல், பிறகு ஒன்றுமில்லை. அவள் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கிடையில் விஷயம் பரவி, கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஆட்கள் நின்றிருந்தார்கள். சாவிக்காரர் உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். பச்சை சார் கதவைத் திறந்து தலையை நீட்டி, கையால் 'வை, வை' என்று சைகை செய்தார். அவள் கண்டுகொள்ளவில்லை.

இருபது நிமிஷம் கழித்து ஒரு ஆண்குரல் வந்தது. அந்த வார்டின் டாக்டர். மூச்சு வாங்கியது.

"தினமும் போட்டிருக்காங்க, பதினேழு நாள். சீட்டுல வாரம் ஒண்ணுன்னுதான் இருக்கு, அதனால நாங்க அந்தப் பக்கமே போகல. காய்ச்சல் அது இதுன்னு ஆறு நாளா சுத்திட்டிருந்தோம். இப்ப மாத்து மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இப்பவும் உறுதியா சொல்ல மாட்டேன், ஆனா வாய்ப்பு இருக்கு."

அவள் ஃபோனை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

"கேஸ் ஷீட்ல எழுதணும்" என்றார் டாக்டர். "தகவல் யார் கொடுத்ததுன்னு போடட்டும்? கம்பெனி பேர் போட்டா போதுமா?"

பச்சை சார் இப்போது முழுதாக உள்ளே வந்திருந்தார். சைகை செய்வதை விட்டுவிட்டு வேகமாகத் தலையை ஆட்டினார், போதும் போதும் என்று.

சிவப்பக்கா தன் முழுப் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, சான்றிதழில் இருப்பது போலவே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். டாக்டர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"பக்கத்துல இன்னொண்ணும் எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள். "ஓட்டியே பாக்காத டெஸ்டெல்லாம் பாஸுன்னு ஏழு மாசமா கையெழுத்துப் போட்டவளும் இவதான்னு."